கணினியின் ஆழ்துயிலும் நினைவகப் பேணலும்

ஆசிரியர் ஒருவர் மடிக்கணினியில் தேர்வு வினாத்தாள் ஒன்றைத் தட்டெழுதிக்கொண்டிருக்கிறார். ஏழாம் வினா பாதியில் நிற்கிறது. அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிடுகிறது. எழுதியதை அவர் சேமிக்கவில்லை. திறந்து வைத்த அகராதியையும் மூடவில்லை. கணினியை வட்டுத் துயிலில் ஆழ்த்தும் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டுப் போய்விடுகிறார். சிறிது நேரத்தில் விளக்குகள் அணைகின்றன. மின்கலமும் பிறகு முற்றாகத் தீர்ந்துவிடுகிறது. மறுநாள் மின்னிணைப்புக் கொடுத்துக் கணினியைத் திறந்தால், அதே ஏழாம் வினா, அதே அரைச்சொல், அதன் அருகே மின்னும் அதே இடங்காட்டி! சேமிக்காத எழுத்து இரவு முழுவதும் எங்கே தங்கியிருந்தது? மின்சாரமே இல்லாத பொறி தன் நினைவை எவ்வாறு காத்தது?

இவ்வினாக்களுக்கு விடை காணப் புகுவோர் முதலில் அறியவேண்டுவது, கணினியில் நினைவு இருவகைப்படும் என்பதே. ஒன்று, வேலை நடக்கும்போது செய்திகளை ஏந்தும் நினைவகம். மற்றொன்று, வேலை முடிந்தபின் அவற்றை வைத்துக் காக்கும் வட்டு. முன்னது விரைவுடையது, ஆனால் மின்சாரம் உள்ளவரையே அதற்கு வாழ்வு. பின்னது மெதுவானது, மின்சாரம் போனாலும் தான் ஏற்றதை விடாது.

நினைவகத்திற்கு இந்த நிலையாமை ஏன் வந்தது? 1966-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த இராபர்ட் டென்னார்ட் என்பார், ஒரேயொரு டிரான்சிஸ்டரையும் ஒரு சிறு மின்தேக்கியையும் கொண்டு ஒரு பிட் அளவு செய்தியை நிறுத்தி வைக்கும் வழியைக் கண்டார். 1968-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைய கணினிகளின் நினைவகம் பெரும்பாலும் அக்கருத்தின் வழி வந்ததே. மின்தேக்கியில் ஊட்டம் இருந்தால் ஒன்று, இல்லையேல் சுழி. ஆனால் அம்மின்தேக்கியோ ஓட்டைக் குடம் போன்றது. நிரப்பிய ஊட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆதலின், ஒவ்வோர் அறையையும் படித்து மீண்டும் நிரப்பும் பணி, பொதுவாக 64 மில்லிநொடிக்கு ஒருமுறை என்னும் கணக்கில், ஓயாது நடைபெறவேண்டும். மின்சாரம் நின்றால் நிரப்புவாரில்லை, நினைவும் வடிந்துபோகும்.

இதற்கு முந்திய கணினிகள் இவ்வகையில் நற்பேறு பெற்றவை எனலாம். 1950-களிலும் 1960-களிலும் பரவலாக வழங்கிய நினைவகம், கம்பிகளிற் கோத்த சிறு காந்த வளையங்களால் ஆனது. மின்சாரத்தை நிறுத்தினாலும் காந்தத்தன்மை மாறுவதில்லை; ஆகவே விட்ட செய்தி விட்டபடியே கிடக்கும். விரைவும் மலிவும் வேண்டி மாந்தர் சில்லு நினைவகத்திற்கு மாறியபோது, இந்த ஒரு நன்மையைக் கைவிட நேர்ந்தது. கைவிட்டதை மென்பொருளால் ஈடுசெய்யும் முயற்சியே ஈண்டு விளக்கப்பெறும் பொருள்.

துயில் இருவகை

கணினியை உறங்கச் செய்வதில் இரண்டு முறைகள் உள. முதல் முறையில் திரை, வட்டு, செயலி முதலிய யாவும் நின்றுவிடும். நினைவகத்திற்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். தொட்டவுடன் எழுந்துவிடும் துயில் இது. இரண்டாம் முறையில் நினைவகத்தின் உள்ளடக்கம் வட்டில் எழுதப்பெற்று, மின்சாரம் முற்றாக நிறுத்தப்படும். இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் கூடி 1996 டிசம்பரில் வெளியிட்ட ஆற்றல் மேலாண்மை விதிமுறையில் முன்னது எஸ்3 எனவும், பின்னது எஸ்4 எனவும் குறிக்கப்பட்டன.

இவற்றிற்குத் தமிழில் பெயரிடும்போது சற்றே எண்ணிப் பார்த்தல் நலம். மேலைநாட்டார் இரண்டாம் முறைக்கு இட்ட பெயர், பனிக்காலத்தில் விலங்குகள் வளைக்குள் அடங்கிக் கிடப்பதைக் குறிக்கும் சொல்லாகும். பனிக்காலமே காணாத மலேசிய, சிங்கப்பூர் மாணவனுக்குப் ‘பனிக்காலத் துயில்’ என்று மொழிபெயர்த்துச் சொன்னால், சொல் விளங்குமேயன்றிப் பொருள் மனத்தில் படியாது. மேலும், துயிலும் விலங்கின் நெஞ்சு துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. எஸ்4 நிலையில் கணினியின் நாடி அறவே நின்றுவிடுகிறது. நினைவகம் விழித்திருக்கப் பிற உறுப்புகள் உறங்கும் முதல் வகைக்கு, திருமாலின் துயிலைக் குறிக்க நம் முன்னோர் ஆண்ட ‘அறிதுயில்’ என்னும் சொல் பொருத்தமாக அமையும். இரண்டாம் வகையை ‘ஆழ்துயில்’ என்று வழங்கலாம். இக்கட்டுரையில் அவ்வாறே வழங்கப்பெறும்.

படம் எழுதுவோனும் படத்துக்குள்

நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு நிறுத்துவதுதானே, இதில் என்ன அரிய செயல் உளது என்று தோன்றலாம். அரிய செயல் உளது. எழுதும் வேலையைச் செய்வது இயங்குதளம். அவ்வியங்குதளம் குடியிருப்பதோ எழுதப்படவேண்டிய அதே நினைவகத்தில். வட்டில் ஒரு வரி எழுதினால், ‘இவ்வளவு எழுதியாயிற்று’ என்னும் கணக்கு நினைவகத்தில் மாறுகிறது. மாறிய பகுதியை மீண்டும் எழுதினால் கணக்கு மறுபடி மாறுகிறது. மண்டபம் ஒன்றை உள்ளது உள்ளபடி தீட்ட முயலும் ஓவியன், அம்மண்டபத்திலேயே நின்று தீட்டுவானாயின், தூரிகையை எடுக்குந்தோறும் காட்சி மாறிவிடும் அன்றோ? அந்நிலையே இயங்குதளத்துக்கும்.

பாதி பழையதும் பாதி புதியதுமாக எழுதப்பட்ட நினைவு, நினைவே எழுதாமல் விட்டதைவிடக் கேடு விளைப்பது. ஒரு பட்டியலின் தலைப்பகுதி நேற்றைய நிலையிலும் வாற்பகுதி இன்றைய நிலையிலும் இருந்தால், அதனை நம்பி இயங்கும் நிரல் இல்லாத இடத்தில் எழுதும், இருப்பதை அழிக்கும். எனவே, படம் முழுவதும் ஒரே கணத்திற்கு உரியதாதல் வேண்டும்.

1990-களின் மடிக்கணினிகள் சிலவற்றில் இவ்வேலையைத் தாய்ப்பலகையில் பதிந்துள்ள அடிப்படை நிரலான பயாஸ் செய்தது. அஃது இயங்குதளத்திற்கு வெளியே நின்று, நினைவகம் முழுவதையும் வட்டில் அதற்கென ஒதுக்கிய பகுதியிற் கொட்டிவிடும். ஓவியன் மண்டபத்துக்கு வெளியே நின்றதால் சிக்கல் எழவில்லை. பின்னர் ஆற்றல் மேலாண்மைப் பொறுப்பு பெரும்பாலும் இயங்குதளத்தின் கைக்கு வந்தது. சிக்கலும் உடன் வந்தது.

இதனை இயங்குதளம் எவ்வாறு தீர்த்தது என்பதை லினக்ஸைக் கொண்டு விளக்குவது எளிது. அதன் மூலநிரல் யாரும் படிக்கத் திறந்து கிடப்பதே காரணம். லினக்ஸுக்குரிய ஆழ்துயில் நிரலைக் கபோர் குட்டி என்பார் 1990-களின் இறுதியில் தொடங்கினார். பாவெல் மாஹெக் அதனை வளர்த்தார். 2002-இல் அது லினக்ஸின் மையநிரலாகிய கெர்னலின் 2.5 என்னும் வளர்ச்சிப் படிவ வரிசையில் இடம்பெற்றது. பின்னாளில் ரஃபாவ் விசோட்ஸ்கி அதனைப் பெரிதும் சீர்திருத்தினார்.

முதற்செயல், எல்லா நிரல்களையும் உறையச் செய்தல். வினாத்தாள் எழுதும் நிரல், இசை பாடும் நிரல், அஞ்சல் பார்க்கும் நிரல் யாவும் நின்ற இடத்தில் நிறுத்தப்படுகின்றன. அதற்கு முன்பாக, கோப்புகளுக்குச் சேரவேண்டியவையாய் நினைவகத்திற் காத்திருக்கும் எழுத்துகள் வட்டுக்கு அனுப்பப்படுகின்றன. ஆசிரியர் சேமிக்காத வினாத்தாள் இவற்றுள் அடங்காது. அஃது எழுதுநிரலின் சொந்த நினைவில் கிடப்பதாகும். ஒரு நிரல் வட்டினிடமிருந்தோ வலையமைப்பினிடமிருந்தோ விடை எதிர்பார்த்து, இடையில் எழுப்பவியலாத நிலையில் இருந்தால் உறைய மறுக்கும். இயல்பான அமைப்பில் கெர்னல் 20 நொடிவரை பொறுக்கும். அதற்குமேலும் உறையவில்லையெனில் துயிலும் முயற்சியையே கைவிட்டு, உறைந்த யாவற்றையும் மீண்டும் எழுப்பிவிடும். மூடிவைத்த மடிக்கணினி சிலபோது பைக்குள்ளேயே விழித்திருந்து சூடேறிக் கிடப்பதற்கு இத்தகைய மறுப்பும் ஒரு காரணமாகலாம்.

அடுத்து வருவது இடத்தேட்டம். இதுவே நினைவகப் பேணலின் உயிர்ப்பகுதி. ஒரே கணத்துக்குரிய படம் வேண்டுமாயின், யாவும் அசைவற்றிருக்கும்போது நினைவகத்திலுள்ளதை வேறோரிடத்தில் படியெடுத்துவிடவேண்டும். வட்டு அவ்வேறிடம் ஆகாது. அதன் சாதனமும் அக்கணத்தில் அசைவற்று நிற்றல் வேண்டும். எஞ்சியுள்ள இடம் நினைவகமே. அதாவது, நினைவகத்தின் நிரம்பிய பகுதியை அதன் வெற்றுப் பகுதிக்குள் படியெடுக்கவேண்டும்.

இங்கே எளிய கணக்கு ஒன்று குறுக்கிடுகிறது. நிரம்பியது வெற்றிடத்தைவிட மிகுதியாயிருந்தால் படி எங்கே கொள்ளும்? ஆகவே படியெடுக்கும் நேரத்தில் நினைவகத்தில் பாதிக்குமேல் நிரம்பியிருத்தலாகாது. வழக்கமான மேசைக்கணினிகளில் நினைவகம் 4,096 பைட்டு கொண்ட பக்கங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். 8 கிகாபைட் நினைவகத்தில் அத்தகைய பக்கங்கள் 20,97,152. அவற்றுள் 5 கிகாபைட் அளவு நிரம்பியிருந்தால், குறைந்தது ஒரு கிகாபைட்டையாவது காலி செய்தபின்னரே வேலை நடக்கும்.

எதைக் காலி செய்வது? பக்கங்கள் யாவும் ஒருதன்மையன அல்ல. வட்டிலுள்ள கோப்பைப் படித்தபோது, மீண்டும் தேவைப்படலாம் என்று நினைவகத்தில் எடுத்து வைத்த படிகள் பல இருக்கும். மூலம் வட்டிலேயே இருப்பதால் இப்படிகளைத் தயங்காது எறிந்துவிடலாம். நிரல்கள் தாமே உண்டாக்கிய செய்திகளுக்கோ வட்டில் மூலம் இல்லை. அவற்றை எறிய முடியாது; இடமாற்றுப் பகுதி என வட்டில் ஒதுக்கிய இடத்துக்கு முன்கூட்டியே அனுப்பலாம். கெர்னலின் சொந்தப் பக்கங்களுள் பெரும்பாலானவற்றை அசைக்கவே இயலாது, படியெடுத்தே தீரவேண்டும். யாரும் ஆளாத வெற்றுப் பக்கங்களைப் படியெடுக்க வேண்டியதில்லை. துயிலுக்கு முன் குறிக்கப்பட்ட சில பக்கங்களைப் படியெடுக்கவும் கூடாது; அவை ஏன் விலக்கப்பட்டன என்பது பின்னர் விளங்கும்.

படத்தின் அளவு எவ்வளவாதல் வேண்டும் என்பதைக் கணினியை ஆள்வோர் ஒருவாறு வகுக்கலாம். லினக்ஸில் இயல்பாக வைத்துள்ள அளவு நினைவகத்தில் ஐந்தில் இரு பங்கு. 8 கிகாபைட்டுக்கு 3.2 கிகாபைட் ஆகிறது. அஃது இலக்கேயன்றி மீறொணா எல்லையன்று. அவ்வளவுக்குக் குறைக்க இயலாதபோது படம் பெரிதாகவே அமையும். சுழி என்று வைத்தால் ஒல்லும் வகையெல்லாம் சுருக்கும். சுருக்கினால் எழுதும் நேரம் குறையும் என்பது உண்மையே. ஆயினும் எறிந்த படிகளையெல்லாம் விழித்தபின் வட்டிலிருந்து மீண்டும் படிக்க நேர்வதால், எழுந்த கணினி சிறிதுநேரம் தூக்கக் கலக்கத்தில் தடுமாறுவது போலத் தோன்றும்.

இக்குறையை நீக்க நைஜல் கன்னிங்ஹாம் என்பார் வேறொரு வழியை மேற்கொண்டார். டக்ஸ்ஆன்ஐஸ் எனப் பெயர் பெற்ற அவரது நிரல், படத்தை இரு கூறாக்கியது. நிரல்கள் உறைந்துவிட்டபின் அவற்றின் பக்கங்களும் கோப்புப் படிகளும் மாறமாட்டா என்பது அதன் அடிப்படை. மாறாதவற்றை அவசரமின்றி முதலில் வட்டில் எழுதிவிடலாம். எழுதி முடிந்ததும் அவை இருந்த இடமே வெற்றிடம் போலாகிவிடுகிறது; அவ்விடத்தின்மேல், மாறக்கூடிய கெர்னல் பக்கங்களைப் படியெடுத்துக் கொள்ளலாம். பாதி என்னும் எல்லை இவ்வாறு தகர்ந்தது. நினைவகம் முழுவதையும் காத்து, விழித்தவுடன் பழைய விரைவோடு இயங்கச் செய்தது இம்முறை. கருத்தளவில் இதுவே சிறந்ததென்று கொள்ளத் தோன்றும். எனினும் ‘உறைந்த பின்னர் மாறாது’ என்னும் நம்பிக்கை ஒரு பக்கத்தில் பொய்த்தாலும் முழுப்படமும் பொய்க்கும். லினக்ஸின் முதன்மைப் படிவத்தில் டக்ஸ்ஆன்ஐஸ் சேர்க்கப்படவே இல்லை.

ஒரே வாயிலில் இருமுறை

இடம் கிடைத்தபின் படியெடுக்கும் கணம் வருகிறது. சாதனங்கள் யாவும் நிறுத்தப்படுகின்றன. செயலிகள் பலவிருந்தால் ஒன்று தவிரப் பிற விலக்கப்படுகின்றன. அந்த ஒன்றும் குறுக்கீடுகளுக்குச் செவிசாய்க்காதபடி காது பொத்திக்கொள்கிறது. செயலியின் உள்ளறைகளில் அப்போதுள்ள எண்கள் குறித்து வைக்கப்படுகின்றன. பின்னர்ப் பக்கம் பக்கமாகப் படியெடுப்பு நடக்கிறது.

முடிந்ததும் ஒரு வியப்பு: உறங்கப் போகும் கணினி மீண்டும் எழுப்பப்படுகிறது! நிறுத்திய சாதனங்களை இயக்காமல் வட்டில் எவ்வாறு எழுதுவது? எழுந்த இயங்குதளம் இயங்குவதால் நினைவகம் மாறத்தான் செய்யும். மாறினால் மாறட்டும், தனியே எடுத்து வைத்த படி மாறாது. அதுவே வட்டுக்குப் போகிறது.

லினக்ஸில் அது போய்ச் சேருமிடம் பெரும்பாலும் இடமாற்றுப் பகுதியே. கோப்பு முறையின் வழியே புதுக்கோப்பு ஒன்றை உண்டாக்கி எழுதினால் வட்டின் கோப்புக் கணக்குகள் மாறிவிடும். படத்துக்குள்ளோ பழைய கணக்கே பதிந்திருக்கிறது. ஆகவே கோப்புக் கணக்கைத் தொடாமல் முன்பே ஒதுக்கிய இடத்தில் நேரே எழுதப்படுகிறது. 2010 முதல் எல்.இஸட்.ஓ. என்னும் சுருக்குமுறை கைக்கொள்ளப்பட்டதால், எழுதவேண்டிய அளவு குறைந்து விரைவு கூடியது. ஒவ்வொரு பக்கமும் நினைவகத்தின் எவ்விடத்துக்கு உரியது என்னும் பட்டியலும் உடன் எழுதப்படுகிறது.

எல்லாவற்றுக்கும் இறுதியில் முத்திரை. இடமாற்றுப் பகுதியின் தலைப்பக்கத்தில் ‘ஸ்வாப்ஸ்பேஸ்2’ என்னும் அடையாளத் தொடர் இருக்கும். அதனை எடுத்துவிட்டு ‘எஸ்1சஸ்பெண்ட்’ என்னும் தொடர் பொறிக்கப்படுகிறது. ‘இங்கே உறங்கும் நினைவு ஒன்று உளது’ என்பது அதன் பொருள். முத்திரை இறுதியில் இடப்படுவது நல்ல ஏற்பாடு. எழுதும்போதே மின்சாரம் போய்விட்டால் முத்திரை இராது. அடுத்த முறை கணினி அரைகுறைப் படத்தை நம்பாமல் புதிதாகவே தொடங்கும். வினாத்தாள் போகும், வட்டிலுள்ள மற்றவை பிழைக்கும்.

விழிப்பு, துயிலினும் கடினமானது. மறுநாள் பொத்தானை அழுத்தியதும் எழுவது பழைய கெர்னல் அன்று. வட்டிலிருந்து வழக்கம்போல் ஏற்றப்படும் புதிய கெர்னல். அது முத்திரையைக் காண்கிறது. கண்டவுடன், படத்தைப் படிப்பதற்கு முன்பே, முத்திரையை அழித்துப் பழைய அடையாளத்தை மீட்டுவிடுகிறது. ஒரே படம் இருமுறை உயிர்பெறக் கூடாது என்பதே அதற்குக் காரணம்.

பின்னர்ப் படத்தின் பக்கங்களை அவையவற்றின் பழைய இடங்களில் வைக்கவேண்டும். சில இடங்கள் வெறுமையாயிருக்கும். அங்கே நேரே வைத்துவிடலாம். வேறு சில இடங்களிலோ இப்புதிய கெர்னலே குடியிருக்கிறது. தான் நிற்கும் இடத்தின்மேல் மற்றொன்றை எழுதுவது, அமர்ந்திருக்கும் கிளையை வெட்டுவது போன்றது. ஆதலின் அத்தகைய பக்கங்கள் பாதுகாப்பான வேறு இடங்களில் தற்காலிகமாக அடுக்கி வைக்கப்படுகின்றன. எது எங்கே போகவேண்டும் என்னும் பட்டியலும் எழுதப்படுகிறது. இறுதியில் சாதனங்கள் நிறுத்தப்பட்டு, மிகச் சிறிய நிரல்துண்டு ஒன்று, எந்தப் பழைய பக்கமும் வந்து விழாத இடமொன்றுக்கு மாற்றப்படுகிறது. அங்கே நின்றுகொண்டு அது, பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பக்கத்தையும் உரிய இடத்தில் படியெடுத்து வைக்கிறது. புதிய கெர்னல் தன் விருப்பத்தோடே அழிந்து பழையதற்கு இடம் விடுகிறது.

இப்போது பழைய கெர்னல் கண் விழிக்கிறது. அதன் நினைவில் கடைசியாக நிற்பது எது? ‘படியெடுத்துக்கொண்டிருந்தேன்’ என்பதே. படம் எடுக்கப்பட்டது அக்கணத்தில் அன்றோ! நேற்று மாலை படியெடுத்து முடித்தபோது எந்த வரியில் நின்றதோ, இன்று காலை உயிர்பெற்றபோதும் அதே வரியில் நிற்கிறது. நேற்று அடுத்துச் செய்யவேண்டியது, படத்தை வட்டில் எழுதுவது. இன்று செய்யவேண்டியது, உறைந்த நிரல்களை எழுப்புவது. இரண்டையும் வேறு பிரித்தறிய வழி இல்லையேல், விழித்தவுடன் மீண்டும் படத்தை எழுதி உறங்கப் போய்விடும்; அது முடிவற்ற துயிலாகிவிடும்.

வேறு பிரித்துக் காட்டுவது ஓரேயோர் எண். துயில் தொடங்கும்போது அதில் ஒன்று வைக்கப்படுகிறது. பக்கங்களை மீட்டு வைத்தவுடன் நிரல்துண்டு அதில் சுழியை இடுகிறது. படியெடுக்கக் கூடாதென்று முன்னரே விலக்கி வைக்கப்பட்ட இடங்களில் அவ்வெண்ணின் இருப்பிடமும் ஒன்று. படத்திலுள்ள பழைய மதிப்பு வந்து அதனை மூடிவிடாதிருக்கவே அவ்விலக்கு. சுழியைக் கண்ட கெர்னல், தான் உறங்கி எழுந்ததை உணர்கிறது. கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது, சாதனங்களை எழுப்புகிறது, நிரல்களை உறைநிலையிலிருந்து விடுவிக்கிறது. எழுதுநிரலுக்கோ இவையொன்றும் தெரியாது. ஏழாம் வினாவின் அரைச்சொல்லுக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே ஓர் இரவு கழிந்ததை அது அறியவே அறியாது.

உடலை யாரும் தொடாதிருக்க வேண்டும்

திருமூலர் வரலாறு தமிழாசிரியர் அனைவரும் அறிந்ததே. மூலன் என்னும் ஆயனின் உடலிற் புகுந்த யோகியார், தம் உடலை ஓரிடத்தில் சேமித்து வைத்திருந்தார். மீண்டு வந்து பார்த்தபோது அவ்வுடலைக் காணவில்லை. ஆழ்துயிலில் இருக்கும் கணினிக்கும் இத்தகைய இடர் உண்டு. அதனால் இழப்பு நேர்ந்தோர் பலர்.

உறங்கும் நினைவுக்குள் வட்டைப் பற்றிய கணக்கும் அடங்கியிருக்கிறது: இன்ன கோப்பு இன்ன இடத்தில், இன்ன இடங்கள் வெறுமை என்பது போன்ற குறிப்புகள். உறங்கிக் கிடக்கும்போது வேறோர் இயங்குதளத்தைக் கொண்டு கணினியைத் தொடங்கி, அதே வட்டுப்பகுதியில் ஒரு கோப்பை எழுதிவிட்டால் என்னாகும்? உறக்கத்தினின்று எழுந்த முதல் இயங்குதளம், தன் பழைய கணக்கையே நம்பி, வெறுமை என்று தான் நினைக்கும் இடத்தில் எழுதும். அங்கேதான் புதுக்கோப்பு இருக்கும். ஒரு கோப்பு அழிவதோடு நில்லாது. கோப்பு முறையின் அடித்தளமே குலையலாம். லினக்ஸின் ஆழ்துயில் குறித்த ஆவணம் இதனைத் தொடக்கத்திலேயே கடுமையாக எச்சரிக்கிறது. விழிக்கும் கெர்னல் முத்திரையைப் பார்க்கும் முன் எந்தக் கோப்புப் பகுதியையும் இணைக்கலாகாது என்னும் விதியும் இதனாலேயே எழுந்தது.

விண்டோஸில் இவ்விடர் வேறு வடிவில் வரும். விண்டோஸ் 2000 முதல், நினைவின் படம் ஹைபர்ஃபில்.சிஸ் என்னும் மறைகோப்பில் வைக்கப்படுகிறது. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 ஒரு புதுமையைச் செய்தது. ‘நிறுத்துக’ என்று ஆணையிட்டால், பயன்படுத்துவோரின் நிரல்களை மூடிவிட்டு, கெர்னலின் நினைவை மட்டும் வட்டில் எழுதி வைக்கும். மறுமுறை தொடங்கும்போது கெர்னலைப் புதிதாகக் கட்டாமல் அப்படத்தையே எடுத்துக்கொள்வதால் விரைவாகத் தொடங்குகிறது. விரைவு நன்றே. ஆயினும் நிறுத்தியதாக நினைத்த கணினி உண்மையில் நிற்கவில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்போர், விண்டோஸ் பகுதியில் லினக்ஸிலிருந்து எழுத முற்படும்போது சிக்கல் தோன்றும். என்.டி.எஃப்.எஸ்-3ஜி என்னும் லினக்ஸ் நிரல், விண்டோஸ் அப்பகுதியில் உறங்குவதைக் கண்டால் எழுதும் உரிமையோடு அதனை இணைக்க மறுத்துவிடும். அம்மறுப்பைத் தொல்லையென்று எண்ணி வலிந்து மீறுவோர், தம் கோப்புகளைத் தாமே பணயம் வைக்கின்றனர். விண்டோஸை மெய்யாகவே புதிதாகத் தொடங்க வேண்டுவோர் ‘நிறுத்துக’ என்பதைவிட ‘மீண்டும் தொடங்குக’ என்னும் ஆணையையே இடவேண்டும். பெயரளவில் இது முரணாகத் தோன்றினும் நடைமுறை இதுவே.

மறைபொருளும் உடன் உறங்குகிறது

நினைவகத்தில் உள்ளவை வினாத்தாளும் அகராதியும் மட்டுமல்ல. சற்றுமுன் தட்டிய கடவுச்சொல், மறையீட்டுத் திறவுகோல், படித்து மூடிய மடல் முதலியனவும் அங்கே கிடக்கக்கூடும். ஆழ்துயிலில் இவையும் வட்டுக்குப் போய்விடுகின்றன. விழித்தபின்னும் அவ்வெழுத்து தானே துடைக்கப்படுவதில்லை. வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை தங்கியிருக்கலாம். வட்டைக் கழற்றி எடுத்தவன் அதனைப் பொறுமையாகப் படிக்கலாம்.

அறிதுயிலில் இவ்வச்சம் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. மின்சாரம் நின்றவுடன் நினைவகம் வெறுமையாகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு அதனை மறுத்தது. மின்சாரம் போனபின்னும் ஊட்டம் சில நொடிகள் நிற்கிறது; சில்லைக் குளிர்வித்தால் இன்னும் நெடுநேரம் நிற்கிறது; அதற்குள் திறவுகோலை எடுத்துவிடலாம் என்று அவர்கள் காட்டினர். எனவே, திருட்டை அஞ்சுவோருக்கு, மறையீட்டோடு கூடிய ஆழ்துயிலே அறிதுயிலைவிடக் காப்பு மிக்கது. மறையீடில்லாத ஆழ்துயிலோ, பெட்டியைப் பூட்டிவிட்டுத் திறவுகோலை அதன்மேலேயே வைத்துச் செல்வது போன்றது.

மற்றொரு பக்கமும் உண்டு. வட்டிலுள்ள படத்தைத் திருட்டுத்தனமாக மாற்றி வைத்தால், விழிக்கும் கணினி மாற்றியவனின் கெர்னலைத் தன்னுடையதென்று நம்பி உயிர்ப்பிக்கும். 2019-இல் வெளிவந்த லினக்ஸ் 5.4-இல் சேர்ந்த பூட்டுமுறை, செயலில் இருக்கும்போது ஆழ்துயிலுக்கு இடங்கொடாததற்கு இதுவே காரணம். சில கணினிகளில் ஆழ்துயில் பொத்தான் தென்படாமைக்கும் இப்பூட்டு ஏதுவாயிருக்கலாம்.

மறையீட்டை மேற்கொள்வோர் கருதவேண்டிய நுட்பம் ஒன்று உளது. இடமாற்றுப் பகுதியை மறைக்க, ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிதாக ஒரு திறவுகோலை உண்டாக்கிக்கொள்ளும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அன்றாட இடமாற்றுக்கு அது மிக நல்ல காப்பு. கணினி நின்றதும் பழைய திறவுகோல் மறைந்துவிடும், பழைய எழுத்தை யாரும் படிக்கவியலாது. ஆனால் அதே காரணத்தால் ஆழ்துயில் அங்கே இயலாததாகிறது. படத்தைத் திறக்கவேண்டிய திறவுகோல், அப்படத்தினுள்ளேயே பூட்டப்பட்டுவிடும். ஆகவே ஆழ்துயில் வேண்டுவோர் நிலையான திறவுகோல் ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்குரிய கடவுச்சொல்லை விழிக்கும் வேளையில், பழைய நினைவு மீட்கப்படுவதற்கு முன்பே, புதிய கெர்னலிடம் தட்டிக் கொடுத்தல் வேண்டும்.